அபிலீனை உருவாக்கியது தண்டவாளம்

ஐயா,

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூரான அபிலீன் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வைல்ட் பில் ஹிக்காக்கின் துப்பாக்கிச் சண்டைகளுக்கே அதில் பெரும்பகுதி போய்விட்டது வருத்தமளிக்கிறது. அவர் அங்கே காவல் தலைவராக இருந்தது 1871-இல் சில மாதங்கள்தான். அந்த ஊரை உருவாக்கியது துப்பாக்கியல்ல, தண்டவாளம். உள்நாட்டுப் போருக்குப் பின் டெக்சாஸில் மலிந்து கிடந்த மாடுகளுக்கு வடக்கே பன்மடங்கு விலை இருந்தது. இதைக் கண்டுகொண்ட வணிகர் ஜோசப் மெக்காய், 1867-இல் அபிலீனில் ரயில் பாதையோரம் பட்டிகள் அமைத்தார். டெக்சாஸிலிருந்து மாடுகளை வடக்கே ஓட்டிவரும் வழியான சிஷோம் தடத்தில் வாரக்கணக்கில் நடந்து வந்த மந்தைகள் அங்கிருந்து சிகாகோவுக்கு ரயிலேறின. ஐந்தே ஆண்டுகள்! பயிர் மிதிபடுவதையும் டெக்சாஸ் மந்தைகளால் உள்ளூர் மாடுகளுக்குப் பரவிய ‘டெக்சாஸ் காய்ச்சல்’ நோயையும் பொறுக்காத விவசாயிகள், 1872-இல் மந்தைகளை இனிக் கொண்டுவர வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். மாட்டு வணிகம் எல்ஸ்வொர்த், விச்சிட்டா என்று கான்சாஸின் வேறு ஊர்களுக்கு நகர்ந்தது.

மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அபிலீனைப் பார்த்தேன். ஊருக்குள்ளேயே நீண்ட சரக்கு ரயில் ஒன்று கடந்து செல்லும்வரை காத்து நின்றோம். சுற்றிலும் கோதுமை வயல்கள். அந்த விவசாயிகளைப் பற்றியும், மந்தை ஓட்டிய கறுப்பின, மெக்சிகத் தொழிலாளர்களைப் பற்றியும் தொடர் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்