கணக்கைக் கேட்டுப் பார், நண்பா

அட்டன்,
11.01.2026

அன்பின் நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வீட்டுக்காரர் அனுப்பிய 2024ஆம் ஆண்டுக்கான வெப்பச் செலவுக் கணக்கில், மாதாமாதம் நீ கட்டிவந்த முற்பணம் போக இன்னும் 1,340 யூரோ கட்ட வேண்டும் என்று இருப்பதாகவும், அதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டிலுள்ள ஹீட்டர்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு மூவரும் ஜாக்கெட்டோடு படுப்பதாகவும் எழுதியிருந்தாய். "நானுஓயாப் பனியில் வளர்ந்தவனுக்கு இந்தக் குளிர் என்ன செய்துவிடும்" என்று நீ எழுதிய வரி இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. பதினொரு வருடம் நீ இருக்கும் அதே ஜேர்மனியில் வாடகை வீட்டில் இருந்தவன் நான். இதே கணக்கிடம் நானும் ஏமாந்திருக்கிறேன். ஆகையால் ஊர்ச் செய்திகளைச் சுருக்கி, இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஹீட்டரைத் திறந்துவிடு. நம் ஊர்க் குளிரை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று கிடப்பதையும், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான நம் லயத்தின் தகரக் கூரையின் உட்புறம் இரவெல்லாம் வியர்த்து நம் கம்பளிமேல் சொட்டியதையும் இருவரும் மறக்க மாட்டோம். ஆனால் இங்கே பத்து மணிக்கு வெயில் ஏறிவிடும். சுவரும் காயும், கம்பளியும் காயும். அங்கே நவம்பரில் ஈரம் ஏறிய சுவர் மார்ச் வரை காய்வதில்லை. மூன்று பேரின் மூச்சு, சோறு வடிக்கும் ஆவி, வீட்டுக்குள் உலர்த்தும் உடுப்பு ஆகியவற்றின் ஈரமெல்லாம் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையைத் தேடிப் போய் நீராகப் படியும். என் மகனின் கட்டிலுக்குப் பின்னால், அலுமாரிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவிலிருந்த நான்கு விரல் இடைவெளியில், மிளகைக் கொட்டினாற்போலக் கருப்புப் புள்ளிகள் வந்திருந்ததை ஒரு நாள் கட்டிலை இழுத்தபோதுதான் கண்டேன். அதற்கு முன் ஒரு மாதமாக அவன் இரவில் இருமிக்கொண்டிருந்தான். பூஞ்சணம் பிடித்துவிட்டால், சூடு போடாமல் வைத்திருந்ததுதான் காரணம் என்று அந்தச் செலவும் உன் தலையில் விழக்கூடும். வரவேற்பறையை 20 பாகையிலும், படுக்கையறையை 17 பாகைக்குக் குறையாமலும் வைத்துக்கொள். பிள்ளை படுக்கும் அறையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு ஹீட்டரின் மீதும் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டியிருக்கும், பார்த்திருப்பாய். அதில் தெரியும் எண்ணை மின்சார மீட்டரின் யூனிற் போல நினைத்துவிடாதே. அது நீ எரித்த வெப்பத்தின் அளவு அல்ல. கட்டடம் முழுவதற்கும் ஆன செலவில் உன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கான புள்ளி மட்டுமே. அந்த நாட்டுச் சட்டப்படி மொத்தச் செலவில் 50 முதல் 70 வீதம் வரை இந்தப் புள்ளிகளைக் கொண்டும், மீதி வீட்டின் பரப்பளவைக் கொண்டும் பிரிக்கப்படுகிறது. அதனால் நீ ஒரு மாதம் ஹீட்டரைத் தொடாமல் இருந்தாலும் பரப்பளவுக்கான பங்கு உன்னை விடாது. அக்கம்பக்கத்து வீட்டார் தங்கள் பாவனையைக் குறைத்துக்கொண்டால் ஒரு புள்ளியின் விலை ஏறி, நீ எதையும் கூட்டாமலேயே உன் தொகை கூடுவதும் உண்டு. போதாததற்கு, 2022இல் எரிவாயு விலை உச்சத்துக்குப் போனபோது அரசாங்கம் போட்டிருந்த விலைக் கட்டுப்பாடு 2023 டிசம்பரோடு முடிந்தது. எரிவாயுவுக்கு 7 வீதமாகக் குறைத்திருந்த வரியும் 2024 ஏப்ரலில் மீண்டும் 19 வீதமானது. உன் கட்டடம் எரிவாயுவில் ஓடுவதாக எழுதியிருந்தாய், ஆகவே இவை இரண்டும் உன் கணக்கில் இருக்கும். ஆனாலும் 1,340 யூரோ முழுவதையும் இவற்றின் மேல் போட்டுவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. நீ குடிபோகும்போது வீட்டுக்காரர் முற்பணத்தை மிகக் குறைவாக வைத்து வாடகையை மலிவாகக் காட்டியிருக்கலாம், அல்லது கணக்கிலேயே பிழை இருக்கலாம். எது என்று பார்க்காமல் பணத்தைக் கட்டாதே.

நான் பார்க்காமல் கட்டியவன். 2010 நவம்பரில் எனக்கு வந்த முதற்கணக்கு 1,186 யூரோ. அம்மாவின் வீட்டுக் கூரையை மாற்றுவதற்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணம் அது. ஏன், எதற்கு என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்நிய நாட்டில் கடதாசியில் அச்சடித்து வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும், கேள்வி கேட்டால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்து என் வாயைக் கட்டிவிட்டன. அடுத்த கணக்கும் அதே போல 2011 டிசம்பரில் வந்தபோது, என்னோடு வேலை செய்த துருக்கியர் ஒருவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போய் மீத்தர்ஃபெரைன் எனப்படும் வாடகையாளர் சங்கத்தில் உட்கார வைத்தார். அங்கிருந்த பெண்மணி என் வாடகை ஒப்பந்தத்தையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் இரண்டு எண்களைச் சுற்றி வட்டமிட்டார். ஒப்பந்தத்தில் 58 சதுர மீற்றர், கணக்கில் 68. வீட்டில் இல்லாத ஓர் அறைக்கு நான் சூடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். பிறகு இரண்டு ஹீட்டர்களின் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய எழுத்தொன்றைக் காட்டி, அது நேரில் வாசித்த எண் அல்ல, மதிப்பிட்டுப் போட்ட எண் என்றார். வாசிக்க ஆள் வந்த அன்று நான் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாம் கணக்கைத் திருத்தித் தந்தார்கள். முதற்கணக்குக்கு ஆட்சேபம் சொல்லும் தவணை நான் போன நேரத்துக்குச் சில வாரங்களுக்கு முன் முடிந்துவிட்டிருந்தது, அந்தப் பணம் போனது போனதுதான். அம்மாவின் கூரை அதற்குப் பிறகும் இரண்டு மழைக்காலம் ஒழுகியது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அந்தப் பெண்மணி வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நம் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவம்தான் நினைவுக்கு வந்தது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறுவையில் கழித்துவிட்டு, அரைநாள் சம்பளமான அரைப்பேர் போட்ட நாட்களில் என் அம்மா வாய் திறக்காமல் வீட்டுக்கு வருவார். உன் அம்மாதான் கணக்கப்பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் நின்று, பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைத் திருப்பிக் காட்டும்படி கேட்பார். எத்தனையோ முறை வெட்டிய பேரைத் திருப்பி வாங்கியும் இருக்கிறார். நீ அந்தத் தாயின் மகன்.

ஆகவே இப்படிச் செய். கணக்கு வந்த உறையை எறிந்துவிடாதே, கிடைத்த திகதியை அதன் மேல் எழுதிவை. 2024க்கான கணக்கு 2025 டிசம்பர் 31க்குள் உன் கையில் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்திருந்தால், தாமதத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பாளியல்லாத சில சந்தர்ப்பங்களைத் தவிர, மேலதிகப் பணம் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. நத்தாருக்கு முன்னரே வந்தது என்று எழுதியிருக்கிறாய், அப்படியானால் அந்த வழி இல்லை. ஆனால் ஆட்சேபம் தெரிவிக்க இந்த வருடம் டிசம்பர் முடியும்வரை உனக்குத் தவணை உண்டு. எரிவாயுக் கம்பனியின் பற்றுச்சீட்டு முதல் பெட்டி எண் வாசித்த தாள் வரை எல்லா மூலப் பத்திரங்களையும் பார்வையிட உனக்கு உரிமை உண்டு என்பதால், பார்வையிட விரும்புவதாக வீட்டுக்காரருக்கு எழுத்தில் கேள். தொலைபேசியில் கேட்டால் அதற்குச் சாட்சி இல்லை. கடிதத்தைச் சங்கத்தில் எழுதித் தருவார்கள். வருடச் சந்தா கட்டி அங்கத்தவராகச் சேர வேண்டும், அந்தப் பணத்தைச் செலவு என்று பார்க்காதே. அவர்களிடம் கேட்காமல் பணத்தை நீயாக நிறுத்தியும் வைக்காதே, ஏனென்றால் வாடகைப் பாக்கி என்று திரித்துவிட்டால் பிறகு தொல்லை.

நான் இருந்த காலத்தில் இல்லாத ஒரு சட்டம் இப்போது உண்டு. தங்கை அங்கேயே இருப்பதால் அவளுடைய கணக்கை வருடாவருடம் நான்தான் இங்கிருந்து பார்க்கிறேன், அதனால் தெரியும். எரிவாயுவும் எண்ணெயும் எரிப்பதால் வெளியேறும் கரியமில வாயுவுக்கு ஒரு கட்டணம் அறவிடுகிறார்கள்; 2024இல் அது தொன்னுக்கு 45 யூரோ. 2023 தொடக்கம் அந்தக் கட்டணத்தை வீட்டுக்காரரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கட்டடம் எவ்வளவு மோசமாக வெப்பத்தை வெளியே விடுகிறதோ அவ்வளவுக்கு அவருடைய பங்கு கூடும், மிக மோசமான கட்டடமென்றால் 95 வீதம் வரை. அந்தப் பிரிப்பு உன் கணக்கில் காட்டப்பட்டிருக்கிறதா என்று தேடு. காட்டவே இல்லையென்றால் உன் வெப்பச் செலவில் 3 வீதத்தைக் கழிக்க உனக்கு உரிமை உண்டு. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் நியாயமாக உன்னுடையது.

பாவனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் பிழையும் வீட்டுக்காரருடையது என்று உன்னை நம்ப வைப்பது நட்பாகாது. நம் லயத்தில் நடு வீடான நடுக் காம்பராவில் இருந்தவர்களுக்கும் கடைசிக் காம்பராவில் இருந்தவர்களுக்கும் ஒரே குளிர் இருந்ததில்லை. நடுவில் இருப்பவருக்கு இருபுறத்து அடுப்பும் சேர்த்துச் சூடு கொடுக்கும்; கடைசியில் இருப்பவரின் ஒரு சுவர் காற்றுக்கே சொந்தம். நீ இருப்பது மேல்மாடி மூலை வீடு, அதாவது கடைசிக் காம்பரா. வேறு வீடு பார்க்கும் நாள் வந்தால் நடு மாடியில், இருபுறமும் ஆள் இருக்கும் வீடாகப் பார். இப்போதைக்கு, சமையல் மணம் போகட்டும் என்று ஜன்னலை நாள் முழுவதும் சாய்த்துத் திறந்து வைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடு. கருவாடு பொரித்த நாட்களில் என் மனைவி அப்படித்தான் திறந்து வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் கொதித்துக்கொண்டிருக்கும், சூடெல்லாம் நேரே தெருவுக்குப் போகும். அதற்குப் பதிலாக ஹீட்டரை மூடிவிட்டு, எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து, ஐந்து நிமிடத்தில் சாத்திவிடு. ஈரக் காற்று போய்விடும், சுவரின் சூடு நிற்கும்.

ஹீட்டரின் திருகில் 5 என்று வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆகாது. அந்த எண் வேகத்தைக் குறிப்பதில்லை, எந்த அளவு சூட்டில் நிறுத்த வேண்டும் என்பதைக் குறிக்கிறது. 3 என்றால் ஏறக்குறைய 20 பாகை, அது போதும். ஒரு பாகை குறைத்தால் செலவில் ஏறத்தாழ 6 வீதம் குறையும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. நீ அனுப்பிய படத்தில் நீளமான திரைச்சீலை ஹீட்டரை முழுவதும் மூடித் தொங்குகிறது, அதை ஜன்னல் விளிம்போடு வெட்டித் தைக்கச் சொல்.

இவ்வளவும் பார்த்த பிறகு கட்ட வேண்டிய தொகை என்று ஒன்று மிஞ்சினால், தவணை முறையில் கட்ட அனுமதி கேள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள். வேலையில் இருப்பவர்களுக்கும், வருமானம் குறைவாக இருந்து இப்படி ஒரு தொகை ஒரே மாதத்தில் வந்து விழுந்தால், ஜொப்சென்டர் எனப்படும் அரசாங்க உதவித்தொகை அலுவலகத்தில் உதவி கேட்க வழி உண்டு. ஆனால் பணம் கட்ட வேண்டிய அந்த மாதத்துக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும். கூச்சப்படாதே. மாதாமாதம் உன் சம்பளத்திலிருந்து வரி போகிறது.

இங்கே எல்லோரும் நலம். 2022இல் சமையல் எரிவாயு 4,860 ரூபாவுக்கு ஏறியபோது பின்கட்டில் நாம் இருவரும் சேர்ந்து கட்டிய விறகடுப்பை உன் அம்மா இன்னும் விடவில்லை. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை விறகான மிலாறு இரண்டு கட்டு போன வாரம் நான்தான் கொண்டுபோய் இறக்கினேன். மாலையில் அந்த அடுப்படியில்தான் எல்லோரும் உட்காருகிறோம். உன் கணக்கைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை, குளிர் எப்படி என்று மட்டும் கேட்டார். வீட்டில் ஹீட்டர் இருக்கிறது என்று சொன்னேன். அந்தச் சொல்லைப் பொய்யாக்கிவிடாதே.

கணக்கின் எல்லாப் பக்கங்களையும், பின்பக்கம் உட்பட, படமெடுத்து அனுப்பு. கூடவே வாடகை ஒப்பந்தத்தில் பரப்பளவு எழுதியுள்ள பக்கத்தையும் சேர்த்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து எழுதுகிறேன்.

உன் அன்பு நண்பன்