ஹீலியம் சாம்பலும் டங்ஸ்டன் சுவரும்

திருநகர், மதுரை

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மூட்டுவலி குறைந்ததில் ரொம்பச் சந்தோஷம். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

சரி, சூரியனில் போல அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலை பற்றிய உன் கேள்விக்கு வருகிறேன். "பதினைந்து கோடி டிகிரியைத் தொட்டாயிற்று, இன்னும் என்ன தடை?" என்று கேட்டிருந்தாய். அந்தப் பிளாஸ்மாவில், அதாவது சூட்டில் எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் வாயுவில், அழுக்குச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு என்பேன்.

எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் (இரண்டும் ஹைட்ரஜனின் கனமான வகைகள்) இணைந்தால் ஹீலியம் பிறக்கிறது. பிறந்த வேகத்தில் தன் ஆற்றலைப் பிளாஸ்மாவுக்குக் கொடுத்துச் சூட்டைக் காப்பாற்றும். கொடுத்து முடித்தபின் அது வெறும் சாம்பல். அப்படியே தங்கினால் ஒவ்வொரு ஹீலியமும் இரண்டு எரிபொருள் கருக்களின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பிளாஸ்மாவின் விளிம்பைக் காந்தப்புலத்தால் டைவர்ட்டர் என்ற கழிவு வாங்கும் பகுதியின் பக்கம் திருப்பி, அங்கே பம்பு வைத்து உறிஞ்சுகிறார்கள்.

அப்புறம் சுவர். போன வாரம் கப்பலூரில் மருமகன் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். டங்ஸ்டன் ராடின் நுனி உருகிய இடத்தில் லேசாகப் பட்டுவிட்டது. வெல்டர் உடனே நிறுத்தி, அந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்தெடுத்து, நுனியையும் தீட்டிய பிறகுதான் தொடர்ந்தார். ஒரு பொட்டுக்கே அவ்வளவு! உலையிலும் அதே டங்ஸ்டன்தான். 3,422 டிகிரி வரை உருகாது என்பதால் சுவருக்கு அதை வைக்கிறார்கள். ஆனால் மோதும் துகள்கள் அணு அணுவாகப் பெயர்த்துவிடும். கார்பன் போன்ற லேசான அணு நடுப்பகுதிச் சூட்டில் எல்லா எலக்ட்ரானையும் இழந்துவிடும். டங்ஸ்டனின் 74 எலக்ட்ரான்களும் அப்படிப் போவதில்லை. ஒட்டியிருப்பவை சூட்டை எக்ஸ் கதிராக வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். பத்தாயிரத்தில் ஒன்று கலந்தாலே எரிப்பு தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் கார்பனே போதுமே என்பாய். அது டிரிட்டியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கதிரியக்கப் பொருளைச் சுவரில் சேரவிட முடியுமா?

இதில் நான் ரசித்தது ஒன்று: வேண்டுமென்றே விளிம்பில் கொஞ்சம் நியான் விடுவது. அது சூட்டை ஒளியாக நாலாபக்கமும் பரப்பிவிடும். டைவர்ட்டர் ஒரே இடத்தில் வெந்துபோகாது. நியான் நடுவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

2025 பிப்ரவரியில் பிரான்சின் வெஸ்ட் என்ற இணைவுச் சோதனைக் கருவி, டங்ஸ்டன் சூழவே 1,337 விநாடி பிளாஸ்மாவைத் தாங்கியது. எந்த வெப்பநிலைச் சாதனையையும்விட இதற்கே நான் அதிகம் மகிழ்ந்தேன்.

உன் மகன் அகமதாபாத்தில்தானே இருக்கிறான்? பக்கத்தில் காந்திநகரில் ஆதித்யா டோகமாக் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்து வைக்கும் கருவி) இருக்கிறது. வெளியாட்கள் பார்க்க அனுமதி உண்டா என்று விசாரிக்கச் சொல். கிடைத்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
ராமு