லோடு தூரத்தில் இருந்தால் பெரிய ஜெனரேட்டர் தீர்வாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் வைத்துக்கொள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) வாங்க வேண்டும், டீசல் எவ்வளவு பிடிக்கும், சத்தத்தை எப்படிக் குறைப்பது என்றெல்லாம் விரிவாக இருந்தது, நல்லது. ஆனால் ஜெனரேட்டர் ஓர் இடத்திலும் லோடு, அதாவது மின்சாரம் இழுக்கிற மோட்டார், விளக்கு போன்றவை, வெகு தூரத்திலும் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. பண்ணை, குவாரி, பெரிய கட்டுமான வேலை நடக்கிற இடம் என்று பல இடங்களில் இதுதான் தலைவலியே. வோல்டேஜ் வரவில்லை, மோட்டார் சூடாகிறது என்று சொன்னதும் "ஜெனரேட்டர் பத்தவில்லை, இன்னும் பெரிசு வாங்குங்கள்" என்று கைகாட்டி விடுகிறார்கள். பெரிசு வாங்கினாலும் அதே கதைதான். கோளாறு ஜெனரேட்டரில் இல்லை, வழியில் இருக்கிறது.

கணக்குப் போட்டால் விளங்கும். 415 வோல்ட், மூன்று ஃபேஸ், 100 கேவிஏ ஜெனரேட்டர் முழு லோடில் ஃபேஸுக்கு 139 ஆம்பியர் தரும். லோடு 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியம் கேபிள் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேபிளின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு 0.32 ஓம். அப்படியானால் ஃபேஸுக்கு 40 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 வோல்ட்டாகக் கிளம்பியது (415 என்பது இரண்டு ஃபேஸுக்கு இடையே) 200 ஆகக்கூடச் சேராது. அதோடு 18 கிலோவாட்டுக்கு மேல் கேபிளைச் சூடாக்கவே செலவாகிறது, அதாவது எரிக்கிற டீசலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

இதே மின்சாரத்தை ஜெனரேட்டர் பக்கத்திலேயே ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 11,000 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் லைனில் ஓடுவது 5 ஆம்பியர் சொச்சம்தான். இழப்பு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அந்த 18 கிலோவாட் 30 வாட்டுக்குக் கீழே வந்துவிடும். லோடு பக்கம் ஒரு ஸ்டெப்-டவுன் வைத்துத் திரும்ப 415 ஆக்கிக்கொள்ளலாம். இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் தங்கள் பங்குக்குச் சில கிலோவாட் தின்னும், லோடே இல்லாவிட்டாலும் இரும்பு இழப்பு (உள்ளே இருக்கிற இரும்பு சூடாவதில் போவது) ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 200 மீட்டர் தூரம் என்றால் இத்தனை ஏற்பாடு தேவையில்லை, தடித்த கேபிளே போதும்.

இது புது யோசனையும் இல்லை. 1891-ல் ஜெர்மனியில் லாஃபென் என்ற ஊரின் நீர்மின் ஜெனரேட்டர் வெறும் 50 வோல்ட் சொச்சம்தான் தந்தது. அதை 15,000 வோல்ட்டாக உயர்த்தி 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குக் கொண்டுபோய், அங்கே இறக்கி விளக்கெரித்துக் காட்டினார்கள்.

சரி, ஸ்டெப்-அப் வேண்டும் என்றதும் பலர் செய்வது, பழைய ஸ்டெப்-டவுன் ஒன்றை வாங்கித் திருப்பிப் போடுவது. வோல்டேஜ் உயரும், வேலையும் நடக்கும், அதனாலேயே உள்ளே இருக்கிற ஆபத்து கண்ணில் படுவதில்லை. வழக்கமான விநியோக டிரான்ஸ்ஃபார்மரில் 11 கேவி (11,000 வோல்ட்) பக்கம் டெல்டா, அதாவது மூன்று சுருளும் முக்கோணமாக இணைந்திருக்கும், எர்த் செய்ய வேண்டிய நடுமுனையான நியூட்ரலே அதில் கிடையாது. திருப்பிப் போட்டால் 11 கேவி லைன் முழுக்க எர்த் இல்லாமல் மிதக்கும். ஒரு கம்பி அறுந்து தரையில் விழுந்தாலும் பிரேக்கர் விழும் அளவுக்குக் கரண்ட் ஓடாது. கம்பி உயிரோடு கிடக்கும், மற்ற இரண்டு ஃபேஸும் தரையைப் பொறுத்து 1.73 மடங்கு ஏறி நிற்கும். அதனால் ஜெனரேட்டர் பக்கம் டெல்டா, 11 கேவி பக்கம் ஸ்டார் (மூன்று சுருளும் ஒரு நடுமுனையில் சேர்வது), அந்த நியூட்ரலுக்கு எர்த் என்று ஸ்டெப்-அப்புக்கென்றே செய்து வாங்குங்கள். முடியாவிட்டால், நியூட்ரல் உண்டாக்கித் தருகிற தனி எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மரும், தரைக்குக் கரண்ட் போனால் பிரேக்கரை விழ வைக்கிற எர்த் ஃபால்ட் ரிலேயும் இல்லாமல் லைனில் மின்சாரம் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, ஓடுகிற ஜெனரேட்டரில் டிரான்ஸ்ஃபார்மரைத் திடீரென்று சேர்த்தால் முதல் சில நொடித்துளிகளில் அது வழக்கமான கரண்டைப்போல் பல மடங்கு இழுக்கும், ஜெனரேட்டர் திணறி வோல்டேஜ் சரியும். முதலிலேயே இணைத்து வைத்துவிட்டு, அப்புறம் இன்ஜினை ஓட்டி வோல்டேஜை மெல்ல ஏற்றினால் இந்த அடி விழாது. ஜெனரேட்டரின் கன்ட்ரோலர் அதற்கு ஏற்றதுதானா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டுரையில் மெயின் சப்ளையா ஜெனரேட்டரா என்று மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பற்றியும் பேச்சில்லை, எனக்கு உண்மையில் வருத்தம் அதில்தான். டிரான்ஸ்ஃபார்மருக்கு எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வருகிறது என்று தெரியாது. சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் நேராகச் சொருகினால், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதே நொடியில் ஸ்டெப்-அப் ஆகிவிடும். சின்ன ஜெனரேட்டரின் 240 வோல்ட்கூட மேலே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும், அங்கே சப்ளை இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பியில் கை வைத்திருப்பார். மெயினும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாத, நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் எப்படி இணைக்கப்பட வேண்டும் என்று ஒரு படத்தோடு அடுத்த வாரமே வெளியிடுங்கள். கட்டுரையைப் பார்த்து ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்