பாதாள சாக்கடையும் மழைநீர் வடிகாலும் அமைத்திட ஆண்டுவாரியாக நிதி ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஏரிக் கலங்கலை (உபரிநீர் வழியும் இடம்) ஒட்டிய நான்கு தெருக்களின் குடியிருப்போர்,
சென்னையின் தெற்கு விரிவாக்கப் பகுதி.

பெறுநர்
உயர்திரு மாநகராட்சி ஆணையாளர் அவர்கள்.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்னர் அளித்த மூன்று மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும் (நகல்கள் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் சென்ற மழைக்காலத்தில் பிள்ளையார் கோயில் வளைவு வரை நேரில் வந்து பார்த்துச் சென்றீர்கள். ஆகவே இவ்விடத்தின் தாழ்வையும், ஏரியின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நோக்கி வழிந்தோடும் பாதையையும் மீண்டும் விவரிக்கத் தேவையில்லை எனக் கருதுகிறோம். எங்கள் நிலையைக் கீழ்க்காணுமாறு பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. 2011-இல் 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டு, மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது எங்கள் ஊரும் மாநகரத்துக்குள் வந்தது. அன்று முதல் மாநகரத்துக்குரிய வரியைச் செலுத்திவருகிறோம்; 2022-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டபோதும் தவறாமல் செலுத்தினோம்.

2. பாதாள சாக்கடை இன்றுவரை எங்கள் தெருக்களுக்கு வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் நிலத்தடி நீர் மேலேறி, உறைகளின் இடுக்கு வழியாகத் தொட்டிக்குள் புகுந்துவிடுகிறது. தொட்டி நிரம்பியதும் கழிப்பறையிலிருந்து கழிவு வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வருகிறது. முழங்கால் தண்ணீரில் கழிவுநீர் லாரி தெருவுக்குள் நுழைய முடியாது. எப்படியோ நுழைந்து உறிஞ்சிவிட்டுப் போனாலும் மாலைக்குள் தொட்டி மறுபடி நிரம்பிவிடும். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் பிற்பகலுக்குமேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுப்பு எடுக்கவைத்து உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறோம். எங்கள் அனைவர் சார்பிலும் இம்மனுவை நான் எழுதுகிறேன்; என் தாயாருக்கு 81 வயது, எழுந்து நடக்க இயலாதவர். அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி மேட்டிலிருக்கும் ஒரு வீட்டின் கழிப்பறைக்கு, அந்த வீட்டாரின் இரக்கத்தை நம்பி, தொடர்ந்து ஒன்பது நாட்கள் கொண்டுபோய் வந்தோம். பிறர் வீட்டு வாசலில் காத்திருந்தபோது அவர் அழுததை எந்த மனுவிலும் எழுதுவதற்கு எனக்கு இதுவரை மனம் வரவில்லை. இந்த மனுவில் எழுதுகிறேன்.

3. மழைநீர் வடிகால் எங்கள் தெருவில் பாதி தூரம் கட்டப்பட்டு, ரேஷன் கடை அருகே நிற்கிறது. போக்கிடம் இல்லாத வடிகாலால் என்ன பயன் ஐயா? அதில் சேரும் நீர் மீண்டும் தெருவுக்கே திரும்புகிறது. முதலில் தார்ச்சாலை போட்டார்கள், பிறகு குடிநீர்க் குழாய்க்காக அதை வெட்டினார்கள், பிறகு மின்கேபிளுக்காக வெட்டினார்கள்; இனிப் பாதாள சாக்கடைக்காகவும் வெட்டப் போகிறார்கள். இப்பணிகளை ஒரே திட்டமாக வரிசைப்படுத்தியிருந்தால், ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பச் செலவிட்ட பணம் மிஞ்சியிருக்கும் அல்லவா?

4. நிதி இல்லை என்று எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடும், கோவளம் வடிநிலத்தில் ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் உதவியோடும் இதே மாநகரில் வடிகால் பணிகள் நடந்துள்ளன. நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டமும் 2021-இல் தொடங்கப்பட்டது. விரிவான திட்ட அறிக்கை தயாராக இருந்தால்தானே எந்த நிதியையும் கேட்க முடியும்? அந்த அறிக்கையையே தயாரிக்காமல் நிதி இல்லை என்று சொன்னால் நாங்கள் யாரிடம் போவது? 2008-இல் வெளியான, சென்னைப் பெருநகர வளர்ச்சிக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காண்டாகக் கொண்டது. அந்தத் திட்டக் காலத்துக்குள்ளேயே 2015 டிசம்பரிலும் மூழ்கினோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கினோம். படகு அனுப்பினீர்கள், உணவுப் பொட்டலம் தந்தீர்கள், அதற்கு என்றும் நன்றியுடையோம். பொட்டலம் வேண்டாம் ஐயா, கழிவு போக ஒரு குழாய் வேண்டும்.

ஆகவே பாதாள சாக்கடை, மழைநீர் வடிகால், சாலை ஆகியவற்றை இந்த வரிசையிலேயே செய்து முடிப்பதற்கு ஒருங்கிணைந்த திட்ட அறிக்கை தயாரிக்க ஆணையிடவும், எந்த ஆண்டில் எவ்வளவு நிதி, எந்தக் கணக்கிலிருந்து என்பதைக் குறிப்பிட்டு ஐந்தாண்டுப் பணி அட்டவணை வெளியிடவும், அதனை எங்கள் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் எங்கள் முன்வைக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். பணிகள் முடியும்வரை, மழைக்காலத்தில் மேட்டுப் பகுதியில் நடமாடும் கழிப்பறைகளையாவது நிறுத்திட வேண்டுகிறோம்.

மூன்று மனுக்களுக்குப் பதில் வரவில்லை. இந்த நான்காவதற்கு, வரும் பருவமழை தொடங்கும் முன்பாக, எழுத்துமூலம் ஒரு பதிலை அனுப்பிவைக்குமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்கு தெருக்களின் குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைப்பில்)