சகுரா வார்ஸ்: விளையாடிப் பார்த்தவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். பேரன் ஏதோ ஜப்பானிய கேம் விளையாடுகிறானாம், இரும்பு மனிதர்கள் அடித்துக்கொள்கிறார்களாம், நடுவில் பெண்களோடு காதல் பேச்சாம், இதையெல்லாம் பெற்றவர்கள் ஏன் வாங்கித் தருகிறார்கள் என்று கேட்டிருந்தார். கேமின் பெயரை அவர் எழுதவில்லை. ஆனால் நாடகக் கொட்டகை, நீராவியில் ஓடும் இயந்திரக் கவசம், நடிகைகளே சண்டைக்குப் போவது என்று அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது 'சகுரா வார்ஸ்'தான், வேறு எதுவும் இருக்க முடியாது. அந்த கேமை நான் முழுதாக விளையாடியிருக்கிறேன், பழையதையும் புதியதையும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பாகம் வந்தது 1996 செப்டம்பரில், சேகா சாட்டர்ன் என்ற விளையாட்டுப் பெட்டிக்கு. எங்கள் வீட்டுக்கு வந்து சேர இன்னும் இரண்டு வருடம் ஆனது, மாமா ஒருவர் பழைய பெட்டியை விற்கப் போனபோது அப்பா வாங்கி வந்தார். எனக்கு 15 வயது, தம்பிக்கு 13. கேம் முழுக்க ஜப்பானிய மொழி. ஓர் எழுத்துகூட எங்களுக்குத் தெரியாது. பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று திரையில் மூன்று வரிகள் வந்து நிற்கும், பக்கத்தில் நேரம் ஓடும், அது முடிவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியானதைச் சொன்னால் இனிமையாக ஒரு மணிச் சத்தம், தப்பாகச் சொன்னால் அடி வாங்கியதுபோல ஒரு சத்தம். அப்புறம்தான் நாங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தோம். எதையுமே அழுத்தாமல் நேரத்தை ஓடவிட்டால் அதையும் அந்தப் பெண் பதிலாகவே எடுத்துக்கொள்கிறாள். பேசாமல் இருப்பதும் அங்கே ஒரு பதில். சில இடங்களில் கோபித்துக்கொள்வாள், சில இடங்களில் அதுதான் சரியான பதில்.

பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து அதில் எழுதி வைக்க ஆரம்பித்தோம். எந்தக் காட்சி, யார் முகம், எந்த வரிக்கு எந்தச் சத்தம். ஜப்பானிய எழுத்தைத் தம்பி படம் வரைவதுபோல வரைந்து வைப்பான். மொழி தெரியாததால் குரலைத்தான் கூர்ந்து கேட்டோம், இவள் கெஞ்சுகிறாளா, கிண்டல் செய்கிறாளா, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறாளா என்று. வீட்டில் அக்காவும் தம்பியும் சதா சண்டை போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒருவர் பேசும்போது குரலைக் கவனிக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் வந்தது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

2005இல் ஐந்தாம் பாகம் வந்ததற்கு அப்புறம் பெரிய பாகம் எதுவும் வரவில்லை. முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தோம். 2019 டிசம்பரில் ஜப்பானில் புதிய பாகம் வந்தது, ஆங்கில எழுத்தோடு 2020 ஏப்ரல் 28இல் வந்தது. அந்தத் தேதி எனக்கு மறக்காது, ஏனென்றால் மார்ச் 18இலிருந்து கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். தம்பி சிங்கப்பூரில், எல்லை மூடியாகிவிட்டது. அவன் அங்கே விளையாடுவான், நான் இங்கே விளையாடுவேன், ராத்திரி பதினொன்றுக்கு மேல் போனில் பேசிக்கொள்வோம். அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு அப்படித்தான் போனது.

பெரியவருக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோக்கியோவின் கின்சா பகுதியில் ஒரு நாடக அரங்கம். அங்கே நடிக்கும் பெண்களே பிசாசுகள் நகரத்துக்குள் வரும்போது கவசத்தில் ஏறிச் சண்டைக்குப் போவார்கள். புதிய பாகத்தில், பத்து வருடத்துக்கு முன் நடந்த பெரும்போரில் பழைய குழுவினர் எல்லாரும் மறைந்துவிட்டார்கள். மிஞ்சியவள் சுமிரே என்ற ஒருத்திதான், இப்போது அரங்கத்தை நடத்துகிறாள். கையில் காசில்லை, கூட்டம் வருவதில்லை, புதுப் பெண்களுக்கு ஒழுங்காக நடிக்கவும் தெரியவில்லை. இந்த நிலைமையில் கமியாமா என்ற கடற்படைக்காரன் குழுத்தலைவனாக வந்து சேர்கிறான். விளையாடுகிறவர் அவனாக இருந்து அந்தக் கொட்டகையை மறுபடி தூக்கி நிறுத்த வேண்டும். சுமிரேவுக்குக் குரல் கொடுத்தவர் மிச்சியே தோமிசாவா, 2002இல் அந்தப் பாத்திரத்திலிருந்து விலகியவர், இதற்காகத் திரும்பி வந்தார். அந்தக் குரல் முதல் காட்சியில் கேட்டவுடனே தம்பிக்குப் போன் போட்டேன். அவன் எடுத்ததும், "அக்கா, கேட்டியா?" என்றான். நானும் அதையே கேட்கத்தான் கூப்பிட்டேன்.

கெடாவில் ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் இருந்த என் தாத்தா திருவிழா நாடகத்தில் வள்ளி வேஷம் போட்டவர். பாட்டியின் சேலையைத்தான் கட்டுவார், மேடைக்குப் பின்னால் நின்று பாட்டி கொசுவம் வைத்து விடுவார். பகலெல்லாம் பால்வெட்டு, ராத்திரி நாடகம். சகுரா வார்ஸுக்கு மாதிரியாக இருப்பது ஜப்பானின் தக்காராசுக்கா குழு, 1914இலிருந்து மேடையேறுகிறது, அங்கே எல்லாருமே பெண்கள், ஆண் வேஷமும் பெண்கள்தான் போடுவார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் சேலை கட்டினார்கள், அங்கே பெண்கள் கோட்டு போட்டார்கள். நாடகத்துக்குப் பினாங்கு ஒன்றும் புதுசு இல்லை, மாமாக் புஷி என்பவர் 1885இல் பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகத்துக்குக் குழு தொடங்கியது இந்த ஊரில்தான். அதனால் முதல் பாகத்தில் ஒகாமி என்ற கடற்படை அதிகாரி பெரிய படைக்குத் தலைவனாகப் போகிறோம் என்று வந்து கடைசியில் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. நாடகம் போடுகிற இடத்தில் எல்லாரும் எல்லா வேலையும் செய்வார்கள், தாத்தா சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

சரி, புதிய பாகத்தில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பெரியவர் சண்டையைப் பற்றிக் கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். பழைய பாகங்களில் சண்டை சதுரங்கம் மாதிரி. ஒருவர் நகர்ந்த பிறகு இன்னொருவர், யோசிக்க நேரம் உண்டு. அதில் 'காபாவ்' என்று ஒரு கட்டளை இருந்தது, தலைவன் தன் அடியை விட்டுவிட்டு இன்னொருத்தி மேல் விழப்போகும் அடியைக் குறுக்கே நின்று தடுப்பான். அப்படிச் செய்தால் அவளுக்கு அவன்மேல் நம்பிக்கை கூடும். அதாவது சண்டையும் காதலும் தனித்தனி அறையில் இருக்கவில்லை. யாரைக் காப்பாற்றினோம், யாரை விட்டுவிட்டோம் என்பது சண்டை முடிந்து கொட்டகைக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் முகத்தில் தெரியும். புதியதில் அந்த மாதிரிச் சண்டையை எடுத்துவிட்டு, ஓடிக்கொண்டே அடிக்கிற சண்டையாக்கிவிட்டார்கள். பொத்தானை அழுத்தினால் கவசம் பாய்ந்து பாய்ந்து வெட்டுகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே எதிரியைக் குறிவைத்துப் பார்வையை நிறுத்த வழியில்லை, திரை ஒரு பக்கம், எதிரி ஒரு பக்கம், இதில் பள்ளம் தாண்டிக் குதிக்க வேறு வேண்டும். நான் எத்தனை முறை விழுந்தேன் என்று கணக்கில்லை. தம்பி கொதித்துப்போனான். "அக்கா, கைக்குத்தான் வேலை, மூளைக்கு வேலையே இல்லை" என்றான். அவன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் எனக்கு வலித்தது வேறு இடத்தில். குறுக்கே நின்று அடி வாங்கும் அந்த ஒரு கட்டளை போய்விட்டதே என்றுதான். கூட வருகிறவள் பக்கத்தில் சண்டை போடுகிறாள், சேர்ந்து ஒரு பெரிய அடி அடிக்கலாம், அவ்வளவுதான்.

இன்னொரு குறை குரல். புதியதில் பல உரையாடல்களுக்குக் குரலே இல்லை, எழுத்து மட்டும் ஓடுகிறது, வாய் அசைகிறது. ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளலாம், உண்மைதான். ஆனால் ஒரு மொழியும் தெரியாமல் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த கேமை விளையாடி முடித்தவள் நான். முதன்முறையாக ஒவ்வொரு சொல்லும் புரிகிற பாகம் கையில் கிடைக்கிறது, அதில் பாதி நேரம் அவர்கள் குரல் இல்லை. செலவைக் குறைத்தார்களோ என்னவோ, எங்கே குறைத்தாலும் அங்கே குறைத்திருக்கக் கூடாது.

பெண்கள் குளிக்கும் அறைப் பக்கம் தலைவனின் கால் 'தானாகவே' போகிறது என்ற பழைய வழக்கத்தையும் புதியதில் அப்படியே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, 15 வயதிலும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பெரியவரின் வருத்தம் நியாயமானது. என் மகன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் 4, போன பள்ளி விடுமுறையில் அவனாகவே இந்த கேமை எடுத்தான். அந்த இடம் வந்தபோது நான் பக்கத்தில் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் பார்ப்பது தப்பு, கேமில் சிரிப்புக்காக வைத்தாலும் தப்பு" என்று சொன்னேன். அவன் காது சிவந்துபோய்த் திரும்பி நடக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தான். அந்தப் பேச்சை வேறு எந்தச் சமயத்தில், எப்படி ஆரம்பித்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மகனுக்குச் சண்டை பிடித்திருக்கிறது, அவன் பழையதை விளையாடியதில்லை, அவனுக்கு அந்த ஏக்கமெல்லாம் கிடையாது. வசனத்தோடு குரலின் உரப்பையும் கையில் இருக்கும் கருவியின் குச்சியைத் தள்ளிக் கூட்டிக் குறைக்கும் இடங்கள் அவனுக்கு ரொம்பப் பிடித்தன. ஒரே வார்த்தையை மெதுவாகச் சொன்னால் ஒரு பதில், கத்திச் சொன்னால் வேறு பதில். நடுநடுவே ஹனாஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டும் விளையாடலாம், அதில் நானும் அவனும் மாறி மாறி உட்கார்ந்து வேலைக்குக் கிளம்ப நேரமாக்கிக்கொண்ட நாளும் உண்டு.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் உண்மையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். புதிய பாகத்தின் கதை நடப்பது தைஷோ 29ஆம் ஆண்டு, அதாவது 1940. தைஷோ என்பது ஜப்பானியப் பேரரசர் ஒருவரின் ஆட்சிக் காலத்தின் பெயர். நிஜத்தில் தைஷோ காலம் 1926இலேயே முடிந்துவிட்டது, கேமில் மட்டும் அது முடியவே இல்லை. அந்தக் கற்பனைத் தோக்கியோவில் ஷாங்காய், லண்டன், பெர்லின் என்று பல ஊர்க் குழுக்கள் போட்டிக்கு வந்து, சண்டை போட்டு, அப்புறம் நண்பர்களாகிறார்கள். நிஜத்தில் 1940இல் தோக்கியோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக் நின்றே போனது, அப்போது சீனாவில் போர் நடந்துகொண்டிருந்தது. மகன் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டான், "அம்மா, 1940இல் ஜப்பான் இப்படியா இருந்தது?"

கையில் இருந்த துணியைக் கீழே வைத்தேன். 1941 டிசம்பர் 11இல் ஜார்ஜ்டவுனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதைச் சொன்னேன், வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற சனங்கள் செத்துப்போனதைச் சொன்னேன். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதையைச் சொன்னேன், அந்த வேலைக்குப் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனதைச் சொன்னேன். தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர்தான், திரும்பி வரவில்லை. அவரும் அந்தத் திருவிழா நாடகத்தில் முருகன் வேஷம் போட்டவர், அவர் போன பிறகு சில வருடம் அந்தத் தோட்டத்தில் நாடகமே போடவில்லை என்று தாத்தா சொல்வார். மகன் பாடப்புத்தகத்தில் ஜப்பானிய ஆட்சியைப் படித்திருக்கிறான், தேதியெல்லாம் தெரியும். ஆனால் தன் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். நானும் பேசவில்லை. திரையில் அந்தப் பெண்கள் சகுரா மரத்தடியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

பெரியவர் பேரனின் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் பக்கத்தில் உட்காருங்கள் ஐயா. நீங்கள் சொல்ல வேண்டியது உங்களிடம் நிறைய இருக்கும், என்னைவிடவும் அதிகமாக இருக்கும்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். சினிமாவுக்கு இரண்டு பக்கம் தருகிறீர்கள், ராசிபலனுக்கு அரைப் பக்கம் தருகிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, கால் பக்கம், விளையாடியவர்கள் கேமைப் பற்றித் தமிழில் எழுத இடம் கொடுங்கள். நல்லதும் கெட்டதும் கலந்து எழுதட்டும், எந்த வயதுக்கு எது ஆகாது என்றும் எழுதட்டும். தமிழில் எழுத ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். முதல் மாதத்துக்கு நானே எழுதித் தருகிறேன், இரண்டாவதைத் தம்பி எழுதுவான், சண்டைமுறை பற்றி மட்டும் அவன் ஒரு பக்கத்துக்கு எழுதுவான். அந்தப் பயிற்சிப் புத்தகம் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, படம் வேண்டுமென்றால் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு