வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "வேதத்தைத் திறந்து மூணு மாசம் ஆச்சுப்பா" என்று சொன்னதும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். கோபம் இல்லை அம்மா. என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். போனில் எனக்கு எதுவும் சரியாக வராது என்று உனக்குத் தெரியும். அம்மா இருந்தவரை அவள் பேசுவாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். இப்போது அவள் இல்லாததால் எழுதுகிறேன்.

பிள்ளையைப் பறிகொடுத்து நான்கு மாதம் ஆகிறது. எட்டு மாதம் சுமந்த பிள்ளை. பெயர்கூடத் தேர்ந்து வைத்திருந்தீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

சபையில் ஒரு அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தாங்க முடியாத சோதனையைக் கர்த்தர் யாருக்கும் கொடுக்க மாட்டார்" என்றாராமே. அன்றைக்கு மூடிய வேதத்தைத்தான் நீ இன்னும் திறக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். நானே எத்தனை துக்க வீடுகளில் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, ஏதோ பெரிய ஆறுதல் கொடுத்த மாதிரி வீடு திரும்பியிருக்கிறேன்! நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இந்த வாரம் உட்கார்ந்து அந்த இடத்தை நிதானமாக வாசித்தேன்.

அது 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல்" என்று வருகிறது. ஆனால் அந்த நிருபத்தை எழுதின பவுல் அங்கே துக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகத்துக்கு முன் விழுந்ததையும், வேசித்தனம் பண்ணினதையும், முறுமுறுத்ததையும் சொல்லிக்கொண்டு வருகிறார். அடுத்த வசனமே "விக்கிரகாராதனைக்கு விலகி ஓடுங்கள்" என்பதுதான். பாவத்தின் பக்கம் இழுக்கிற இழுப்பைத்தான் அங்கே சோதனை என்கிறார். நம் பேச்சில் 'சோதனை' என்றால் கஷ்டமும்தான், இழுப்பும்தான். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கும் அந்த இரண்டு பொருளும் உண்டு. அதனால் நாம் சுலபமாக ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துவிடுகிறோம். பிள்ளையை இழந்தவளிடம் போய் "உன்னால் தாங்க முடியும், அதனால்தான் கொடுத்தார்" என்றால், பலம் இருந்ததற்காகத் தண்டனை கிடைத்த மாதிரி அல்லவா ஆகிறது?

அதே பவுல், அதே கொரிந்து சபைக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், முதல் அதிகாரத்திலேயே என்ன எழுதுகிறார் தெரியுமா? ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறார்: "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தமுண்டாயிற்று." பலத்துக்கு மிஞ்சின பாரம். அப்போஸ்தலனே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்கும்படி இது நடந்தது என்று அடுத்து எழுதுகிறார். ஆனால் தாங்க முடிந்தது என்று எழுதவில்லை. உன்னால் தாங்க முடியவில்லை என்றால் உன் விசுவாசத்தில் ஓட்டை என்று யாரும் சொல்ல முடியாது. பவுலாலும் முடியவில்லை.

அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசினதில்லை. நீ அப்போது எட்டாம் வகுப்பு. பகலில் நீ பள்ளிக்கூடம் போன பிறகு அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். கண் சரியாகத் தெரியவில்லை அவளுக்கு. சங்கீதப் புத்தகத்தில் நல்ல நல்ல பாட்டாகப் பார்த்து எடுப்பேன். ஒருநாள் தொண்ணூற்றொன்றாம் சங்கீதம். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்று வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "என்னைத்தான் அணுகிடுச்சே. இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அழுகிற ஆள் யாராவது உள்ள இருந்தா அவரை வாசிங்க."

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை வேதத்தில் அழுகிறவர்களை நான் தேடினதே இல்லை. அவர்களைத் தாண்டித் தாண்டித்தான் வாசித்திருக்கிறேன். தேடினபோதுதான் தெரிந்தது, நூற்றைம்பது சங்கீதத்தில் எத்தனை எத்தனை அழுகை! அப்படித்தான் எண்பத்தெட்டு கிடைத்தது. மற்ற புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசி வரிகளுக்குள் எப்படியாவது ஒரு துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதரையும் தோழரையும் தூரமாக்கிவிட்டீர், அறிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிறது. வாசித்து முடித்து, தப்பான இடத்தைத் திறந்துவிட்டோமோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். "இவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு மதியம் தூங்கினாள்.

இந்தச் சங்கீதத்தை வேதத்தில் வைத்தவர்கள் இதை வெட்டி எறிந்திருக்கலாம், கீழே ஒரு அல்லேலூயாவாவது சேர்த்திருக்கலாம். செய்யவில்லை. ஜனங்கள் ஆராதனையில் பாடும் பாட்டுகளோடு பாட்டாக இதையும் வைத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், இப்போது நீ கர்த்தரிடம் கேட்க நினைக்கிற கேள்வி எவ்வளவு கசப்பாக இருந்தாலும், அதைவிடக் கசப்பானது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஒன்று மட்டும் கவனி. அந்த மனுஷன் கர்த்தரைப் பற்றி அடுத்தவரிடம் புலம்பவில்லை. எல்லாவற்றையும் அவரிடமே சொல்கிறான்.

அம்மாவுக்கு அதைவிடப் பிடித்தது நூற்றிரண்டு. அதன் தலைப்பில் தாவீது என்றோ ஆசாப் என்றோ பெயர் கிடையாது. துயரத்தில் இருக்கும் சிறுமைப்பட்டவன் ஒருவனின் விண்ணப்பம் என்று மட்டும் இருக்கும். யார் வேண்டுமானாலும் அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதில் ஒரு குருவி வரும், தூக்கம் இல்லாமல் வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவி. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கிடக்கும்போது, "குருவி முழிச்சாச்சு" என்பாள். நான் எழுந்து உட்காருவேன். நீயும் அந்த நேரத்தில் விழித்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார்.

எரேமியாவின் புலம்பலையும் ஒருநாள் பார். கி.மு. 586-இல் எருசலேம் எரிந்து விழுந்த பிறகு எழுந்த அழுகை அது. எபிரெயத்தில் எழுத்துகள் 22. முதல் அதிகாரத்திலும் இரண்டிலும் நான்கிலும் 22 வசனங்கள், ஒவ்வொன்றும் அகரவரிசையில் அடுத்த எழுத்தில் தொடங்கும். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. நாம் அ, ஆ, இ, ஈ என்று வரிசை வைத்து ஒப்பாரி கட்டுவது மாதிரி. கடைசி அதிகாரத்திலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் எழுத்து வரிசை இல்லை. அழுது அழுது வரிசையும் கலைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும்; அறிஞர்கள் என்ன சொல்வார்களோ, எனக்கு அப்படித்தான் படுகிறது. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று சட்டம் போட்டு மாட்டி வைக்கிறோமே, அந்த வார்த்தை இந்தப் புத்தகத்தின் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைச் சொன்ன பிறகும் அவன் அழுகையை நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு அதிகாரம் அழுகிறான். ஒருநாள் காலையில் உனக்கு மனசு லேசாகி, மறுநாள் மறுபடி எல்லாம் இடிந்து விழுந்தால், நேற்று வந்தது பொய் என்று நினைத்துவிடாதே.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "நான் ஏதாவது பாவம் செஞ்சேனாப்பா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாய். தாவீதின் பிள்ளை செத்த கதை உன் மனசில் ஓடியிருக்கும், எனக்குத் தெரியும். அந்த அதிகாரத்தை உன் வீட்டுக்குள் கொண்டுவராதே. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம், இன்ன குற்றம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னது அது. உன்னிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்பவில்லை. நீ வாசிக்க வேண்டியது யோவான் ஒன்பது. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்கிறார் இயேசு. பெற்றவர்கள் என்று தனியாகச் சொல்லியிருக்கிறார் பார்.

அப்படியானால் ஏன் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. யோபுவுக்கும் சொல்லப்படவில்லை. முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் கர்த்தர் பேசத் தொடங்குகிறார். பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கேயிருந்தாய் என்று கேள்விமேல் கேள்வி கேட்கிறாரே ஒழிய, காரணம் சொல்லவில்லை. பரலோகத்தில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சு வாசிக்கிற நமக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசி வரை தெரியாது. ஆனாலும் முடிவில் கர்த்தர் கோபப்படுவது காரணம் சொன்ன சிநேகிதர்மேல்தான். யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்தவுடன் ஏழு நாளும் ஏழு இரவும் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்ததுதான். நான் உன் வீட்டுக்கு வந்திருந்த பத்து நாளில் எதுவும் பேசாமல் கதவுக் கீலையும் குழாயையும் சரி பண்ணிக்கொண்டிருந்தேனே, அப்பாவுக்கு ஆறுதல் சொல்லக்கூடத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். எனக்குத் தெரிந்த தரை அதுதான்.

சரி, எப்படி மறுபடி தொடங்குவது? வருஷத்துக்குள் முழு வேதமும் முடிக்கும் அட்டவணையை எடுக்காதே. முதலில் சாப்பிடு. சிரிக்காதே, இதுவும் வேதம்தான். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான். தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பினான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலை, கர்த்தர் பேசின மெல்லிய சத்தம் எல்லாம்.

பிறகு ஒரே ஒரு சங்கீதம். கண்ணால் வாசிக்காமல் வாயால் வாசி. கர்த்தருடைய வேதத்தை இரவும் பகலும் தியானிக்கிறவன் என்று முதல் சங்கீதத்தில் இருக்கிறதே, அந்த எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்றும் பொருள். எசேக்கியா ராஜா சாகக் கிடந்து, புறாவைப்போல் புலம்பினேன் என்று சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். புறா முனகுமே, தியானம் அப்படியும் இருக்கலாம். மனசு ஒருமுகப்பட வேண்டும் என்று இல்லை. பழைய காலத்துப் பேராயர் அகஸ்தீன் 430-இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, அவருடைய ஹிப்போ ஊரை வெளியே வாண்டல் இனத்தாரின் படை முற்றுகையிட்டிருந்தது. தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி, படுத்தபடியே பார்த்துப் பார்த்து அழுதார் என்று அவரோடு இருந்த பொசிதியு எழுதி வைத்திருக்கிறார். அத்தனை பெரிய புத்தகங்கள் எழுதின மனுஷனுக்கும் கடைசியில் சுவரில் நாலு தாள்தான் தேவைப்பட்டது.

அதுவும் முடியவில்லை என்றால் முடியவில்லை. மாற்கு இரண்டில் நாலுபேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது? "அவர்கள் விசுவாசத்தை." படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசினதாக அங்கே இல்லை.

அதனால் நான் ஒன்று செய்யப் போகிறேன். நாளை முதல் உனக்கு இரவு இரண்டு மணி ஆகும்போது, இங்கே எனக்கு விடிந்திருக்கும். அந்த நேரத்துக்கு உன் போனுக்குக் கூப்பிடுவேன். தூங்கிவிட்டால் எடுக்காதே, எனக்குச் சந்தோஷம்தான். விழித்திருந்தால் எடுத்துக் காதருகே வைத்துக்கொள். நூற்றிரண்டிலிருந்து தொடங்கி ஒரு நாளைக்கு ஒன்று வாசிப்பேன். நலமா என்று கேட்க மாட்டேன். முடிந்ததும் நீ ஆமென் சொல்ல வேண்டாம், நானே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளையிடம் என் ஸ்தோத்திரத்தைச் சொல்.

உன் அப்பா