சுவாகோப்முண்டை விற்கும் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயண ஏற்பாட்டாளர்களே,

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே உள்ள நமீபியாவின் கடற்கரை நகரான சுவாகோப்முண்டுக்கு நீங்கள் போடும் விளம்பரங்களில் எப்போதும் ஒரே படம்தான்: நீல வானம், பொன்னிற மணல், நான்கு சக்கர பைக்கில் சீறும் ஒருவர். அந்த வானத்தை நம்பி மெல்லிய சட்டையோடு வந்து இறங்குகிறவர் காலையில் கதவைத் திறந்தால், பல நாட்களில் எதிர்வீடுகூடத் தெரியாது. அவ்வளவு மூடுபனி. ஸ்வெட்டர் எடுத்துப்போகச் சொன்னால் பாலைவனத்தின் மவுசு குறைந்துவிடும் என்று நினைக்கிறீர்களோ என்னவோ.

உண்மையில் அந்த ஊரின் அதிசயமே பனிதான். பெங்குவெலா என்ற குளிர் நீரோட்டத்தின் மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து, மூடுபனியாகக் கரையேறுகிறது. மழையோ ஆண்டு முழுவதற்கும் சராசரியாக 20 மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. மணல்மேட்டின் உச்சியில் ஒரு கருவண்டு தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பனிக்காற்றில் அசையாமல் நிற்கும். முதுகில் படியும் ஈரம் துளியாகத் திரண்டு, வழிந்து வாய்க்கு வரும். அதுதான் அதற்குக் குடிநீர். இதைக் காட்டும் வழிகாட்டிகள் அங்கே இருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் அவர்களுக்குக் கடைசி வரிதான் கிடைக்கிறது.

விமானத்திலிருந்து குதிக்கும் சாகசத்துக்கு நேரம் குறிப்பதும் பனிதான்; அது விலகினால்தான் குதிக்க முடியும். ஆகவே அதற்கு ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்கி ஆட்களை அனுப்பாதீர்கள். குளிர்காலத்தில் உள்நாட்டிலிருந்து கிழக்குக் காற்று கிளம்பினால் நிலைமை தலைகீழ்: வெயில் கொளுத்தும், மணல் முகத்தில் அறையும்.

என் முக்கியமான குறை சக்கரங்கள் பற்றியது. சுவாகோப் ஆற்றுக்கு (தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வமான ஆறு) தெற்கே மணல்மேடுகள். அங்கே பதியும் தடங்களைக் காற்று அழித்துவிடும். வடக்கே இருப்பது சரளைச் சமவெளி. பார்வைக்கு வெறும் பொட்டல். குனிந்து பார்த்தால் கல்லெல்லாம் பாசிபோல் படர்ந்த லைக்கன்கள், பனியை உறிஞ்சி மிக மெதுவாக வளர்பவை. ஒருமுறை சக்கரம் ஏறினால் தடம் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே கிடக்கும். டமாரா ஆலா என்ற சிறு கடற்பறவை இதே தரையில்தான், கூடு என்று ஒன்றும் கட்டாமல், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடுகிறது. அதுவும் தென்கோளத்துக் கோடையில், டிசம்பர் விடுமுறைக் கூட்டம் வந்து குவியும் அதே நாட்களில்.

இந்தக் கடற்கரை 2010 டிசம்பரில் டோரோப் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வண்டிகளுக்கென்று குறித்த பாதைகள் உண்டு. நீங்களோ 'மனம் போன போக்கில் ஓட்டலாம்' என்று ஆசை காட்டுகிறீர்கள். அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். குறித்த பாதையை விட்டு இறங்காத நிறுவனங்களோடு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். அதைப் பயணிக்குப் பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். அடுத்த டிசம்பருக்கான முன்பதிவைத் தொடங்குமுன் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்